மகள் புதுப் போன் வேண்டாம் என்கிறாள், காங்கோ கோபால்ட்தான் காரணமாம். என்ன பதில் சொல்வது?

மாடித்தோட்டம் எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என் மகள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். கல்லூரியில் சேரும்போது புதுப் போன் வாங்கித் தருவதாகப் போன வருடமே வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது அவள் கையில் இருப்பது அவள் அம்மா நான்கு வருடம் வைத்திருந்து கொடுத்த போன். மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும், பின்பக்க மூடி ஒரு ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கிளம்பலாம் வா என்றதும் "எனக்கு வேண்டாம்பா" என்றாள். என்ன ஏது என்று விசாரித்தால், காங்கோவில் கொல்வேசி என்ற ஊரைப் பற்றி எதையோ படித்திருக்கிறாள். போன் பேட்டரிக்குப் போகும் கோபால்ட் என்ற உலோகம் உள்ள கல்லை அவள் தம்பி வயதுப் பிள்ளைகள் பொறுக்கி, ஓடைத் தண்ணீரில் கழுவி, மூட்டை கட்டிச் சுமக்கிறார்கள் என்று ஒரு படத்தைக் காட்டினாள். அந்தப் படத்தில் ஒரு பையன் இடுப்பளவு பழுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு சாக்கை அலசிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை.

"நீ ஒருத்தி வாங்காவிட்டால் என்ன ஆகிவிடும்" என்று வாய்வரை வந்தது. ஆனால் தேர்தல் அன்று என் தம்பி "என் ஒரு ஓட்டில் என்ன ஆகப்போகிறது" என்று படுத்திருந்தபோது அவனை அவள் முன்னால்தான் திட்டி எழுப்பி அனுப்பினேன், அதனால் அந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நாம் வாங்காமல் இருந்தால் அந்தப் பையனுக்கு உண்மையிலேயே ஏதாவது நல்லது நடக்குமா, இல்லை நம் மனசு ஆறுவதற்கு மட்டும்தானா? "எங்கள் கோபால்ட்டில் குழந்தை உழைப்பு இல்லை" என்று கம்பெனிகள் சொல்வதை நம்பலாமா? நான் ஆறு மாதம் முன்பு கடன் போட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன், அதுவும் இந்தக் கணக்கில் வருமா? அவளைச் சமாதானப்படுத்த வழி கேட்கவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி, நியாயமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

சரக்குக்கணக்கு எழுதியது:

சார், முதலில் உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

நான் துறைமுகத்தில் சரக்கு ஆவணங்கள் பார்க்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உலகத்தில் தோண்டி எடுக்கிற கோபால்ட்டில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது, அதிலும் தெற்கே பழைய கட்டங்கா பகுதியிலிருந்து. பெரும்பங்கு இயந்திரம் வைத்துத் தோண்டும் பெரிய சுரங்கங்களுடையது. மீதி கையால் தோண்டுகிறவர்களுடையது, அங்கே அவர்களைக் குருசேர் என்கிறார்கள், பிரெஞ்சில் தோண்டுகிறவன் என்று அர்த்தம். கொல்வேசியில் கசூலோ என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 2014இல் அங்கே வீட்டடியிலேயே கோபால்ட் இருப்பது தெரிந்ததும் ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே, முற்றத்திலேயே குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். முட்டுக்கொடுக்க மரம் கிடையாது, காற்றுப் போக வழி கிடையாது, அப்படியே இறங்குவார்கள். தெற்கு காங்கோவின் சுரங்கங்களில் எல்லாமாகச் சேர்த்து சுமார் 40,000 பிள்ளைகள் வேலை செய்வதாக ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப் 2014இல் மதிப்பிட்டது. 2016 ஜனவரியில் ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பும் ஆஃப்ரிவாட்ச் என்ற காங்கோ அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை செய்து ஒன்றிரண்டு டாலர் வாங்கும் பிள்ளைகளே பேசியிருக்கிறார்கள். உங்கள் மகள் படித்தது அதிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

இனி கல் எப்படிப் போகிறது என்று பாருங்கள். தோண்டியவர் மூட்டையைச் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏற்றி சாலையோரத்து வியாபாரியிடம் கொண்டுபோகிறார். வியாபாரி துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைக் கல்லில் வைத்து அழுத்துவார், இத்தனை சதவீதம் கோபால்ட் என்று எண் வரும், அதை வைத்துத்தான் விலை. கருவி அவருடையது, எண்ணைச் சொல்பவரும் அவர், தோண்டியவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அப்புறம் பத்துப் பேருடைய கல் ஒரே குவியலில் சேரும். அந்தக் குவியல் ஊரிலுள்ள ஆலைக்குப் போய், பெரிய சுரங்கத்துக் கல்லோடு கலந்து, அரைகுறையாகச் சுத்திகரிக்கப்பட்டு, கப்பலேறிச் சீனாவுக்குப் போகிறது. உலகத்தின் கோபால்ட் சுத்திகரிப்பில் பெரும்பகுதி அங்கேதான். உருகிக் கரைந்து வெளியே வரும்போது எது பெரிய சுரங்கத்தது, எது அந்தப் பையன் கழுவியது என்று எந்த ஆய்வகத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆவணம் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். ஆவணம் எப்போது எழுதப்படுகிறது என்றால், கல் கலந்த பிறகு. இருபது வருடமாக ஆவணத்தோடு புழங்குகிறவன் சொல்கிறேன், "எங்கள் கோபால்ட் சுத்தம்" என்ற வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வாங்குகிறோம் என்று பட்டியல் வெளியிடும் கம்பெனியைக் கொஞ்சம் நம்பலாம், பட்டியலே தராத கம்பெனியை நம்ப ஒரு காரணமும் இல்லை.

ஸ்கூட்டர் விஷயம்: பேட்டரி என்ன வகை என்று கையேட்டில் பாருங்கள். எல்.எஃப்.பி என்றால் இரும்பும் பாஸ்பேட்டும், கோபால்ட் கிடையாது. என்.எம்.சி என்றால் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட், அதில் உண்டு. போனில் அநேகமாக லித்தியம் கோபால்ட் ஆக்சைடுதான், சின்ன இடத்தில் நிறைய மின்சாரம் அடைக்க அதுதான் வசதி என்பதால் விடமாட்டேன் என்கிறார்கள். ஒரு போனில் சில கிராம்தான் இருக்கும், காரில் கிலோக்கணக்கில் போகும்.

நெல்லிமரம் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் "அப்படியென்றால் வாங்காதே" என்று போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், அந்த முடிவால் பிள்ளைகள் அடிவாங்கிய கதை ஒன்று இருக்கிறது.

1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார், குழந்தைகள் செய்த பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று. நல்ல எண்ணம்தான். மசோதா சட்டமாகவே இல்லை. ஆனால் வங்கதேசத்துத் தையல் ஆலை முதலாளிகள் பயந்துபோய்க் கொஞ்ச நாளில் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள், யூனிசெஃப் மதிப்பீட்டில் சுமார் 50,000 பேர், பெரும்பாலும் பெண் குழந்தைகள். வெளியே வந்தவர்கள் பள்ளிக்கூடம் போனார்களா என்று தேடிப் போனால், பலர் கல் உடைக்கிற இடத்தில் இருந்தார்கள், தெருவில் விற்றுக்கொண்டிருந்தார்கள், சிலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். தையல் மெஷினைவிட மோசமான இடங்கள். பிறகு 1995இல்தான் ஆலை முதலாளிகள் சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓவும் யூனிசெஃபும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள்: பள்ளியில் இடம் தயாராகும் வரை பிள்ளையை வெளியே அனுப்பக் கூடாது, பள்ளிக்கு வந்தால் மாதம் 300 டாக்கா (அந்த நாட்டுப் பணம்) உதவித்தொகை. இதை முதலிலேயே யோசித்திருக்கலாம் இல்லையா? அந்த இரண்டு மூன்று வருடத்தில் நடந்ததற்கு யார் பொறுப்பு?

காங்கோவிலேயே இது மாதிரி நடந்திருக்கிறது. 2010இல் அமெரிக்காவில் டாட்-ஃபிராங்க் சட்டம் வந்தது, கிழக்கு காங்கோவின் தகரம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவற்றில் ஆயுதக்குழுக்களின் பங்கு இருக்கிறதா என்று கம்பெனிகள் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. கோபால்ட் அந்தப் பட்டியலில் இல்லை என்பது வேறு விஷயம். அதே வருடம் செப்டம்பரில் அதிபர் கபிலா கிழக்கில் சுரங்கத் தொழிலையே நிறுத்திவைத்தார், அடுத்த மார்ச் வரை. வாங்குகிறவர்களும் தொல்லையே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். அந்த அமெரிக்கச் சட்டத்துக்கு அங்கே ஒபாமா சட்டம் என்று பெயர், அதை வாழ்த்திச் சொல்லவில்லை. தோண்டிச் சாப்பிட்ட குடும்பங்கள் பட்டினி கிடந்தன, ஆயுதக்குழுக்கள் தங்கத்துக்கு மாறிக்கொண்டன.

அதனால் என் கருத்து, மகளிடம் புதுப் போனை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாங்காமல் இருப்பதில் நம் கை சுத்தமாகும், அங்கே அடுப்பு அணைந்துவிடும்.

சாத்தூர்க்காரி எழுதியது:

நெல்லிமரம் தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை.

எட்டு வயதில் நான் தீப்பெட்டி ஆபீஸ் போனேன். எங்கள் பக்கம் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். விடியுமுன் வண்டி வரும், தூக்கத்தோடு ஏற்றிவிடுவார்கள். கட்டை அடுக்குவதுதான் என் வேலை, வரிவரியாகக் கோடு வெட்டிய கட்டைகளில் குச்சியை ஒவ்வொன்றாகப் பரப்பி அடுக்க வேண்டும், ஒரு குச்சி கோணினாலும் மருந்தில் முக்கும்போது கெட்டுவிடும். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனியில் ரேகையே தெரியாது. இப்போதும் ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது எனக்கு மூன்று முறையாவது வைக்கச் சொல்வார்கள், அது இதனால்தானா வயசினாலா என்று தெரியவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் கட்டைதான் ஞாபகம் வரும்.

தம்பி சொல்கிற மாதிரி யாராவது அன்று தீப்பெட்டி வாங்க மாட்டோம் என்று நிறுத்தியிருந்தால் எங்கள் வீட்டில் கஞ்சி இருந்திருக்காது, அது நிஜம். ஆனால் "வாங்கினால்தான் அவர்களுக்குச் சோறு" என்று ஒருவர் நிம்மதியாகச் சொல்லும்போது எனக்கு உறுத்துகிறது. எங்கள் அம்மாவுக்கு ஒழுங்கான கூலி கொடுத்திருந்தால் நான் அந்த வண்டியில் ஏறியே இருக்க மாட்டேன். என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பியது சத்துணவு. 1982இல் வந்தது. ஒருவேளைச் சோறு அங்கே கிடைக்கும் என்றதும் அம்மா கணக்குப் போட்டுப் பார்த்து, சின்னவளையும் என்னையும் அனுப்பினாள், அக்கா ஆபீஸிலேயே நின்றுவிட்டாள். அக்காவுக்கு இன்றுவரை கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

அந்தக் காலத்தில் ஊரெல்லாம் எங்கள் குச்சியைக் கிழித்து விளக்கேற்றியிருப்பார்கள். அவர்களில் யாரும் குச்சி வாங்காமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. யாராவது ஒருவர், இதை அடுக்கினது யார், என்ன கூலி என்று கேட்டிருக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். உங்கள் பெண் அதைத்தான் கேட்கிறாள் அண்ணா. அவள் கேட்டதற்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளைப் போனை வாங்கிக்கொள் என்று வற்புறுத்தாதீர்கள்.

நெல்லிமரம் எழுதியது:

அக்கா, மன்னியுங்கள். "அடுப்பு அணைந்துவிடும்" என்று நான் எழுதியது அவசரப்பட்டு எழுதியது. வங்கதேசத்து விஷயத்தை நான் மாற்றிச் சொல்லவில்லை, ஆனால் அங்கேயும் கடைசியில் பலன் தந்தது பள்ளியும் உதவித்தொகையும்தான், நீங்கள் சொன்ன சத்துணவு மாதிரியே. அதைத்தான் நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

சரக்குக்கணக்கு எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. காங்கோ விஷயத்தில் "யார் அடுக்கினது" என்று கேட்ட ஒரு ஆள் இருந்திருக்கிறார், அவரும் என்னைப் போலக் கப்பல் கம்பெனி குமாஸ்தா.

எட்மண்ட் மோரல் என்று பெயர். லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை. 1885இலிருந்து காங்கோ முழுவதும் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்தது, நாட்டையே ஒரு ஆள் பத்திரம் போட்டு வைத்திருந்த மாதிரி. மோரலை அடிக்கடி பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஏற்றுமதி, இறக்குமதி கணக்கைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று புரிந்தது. காங்கோவிலிருந்து வரும் கப்பலில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருக்கிறது, போகும் கப்பலில் விலைக்கு ஈடாக எந்தச் சரக்கும் போகவில்லை, துப்பாக்கியும் தோட்டாவும்தான் போகிறது. அப்படியென்றால் ரப்பர் எடுக்கிறவனுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை, அடித்து வாங்குகிறார்கள். காங்கோ மண்ணை மிதிக்காமலே, வெறும் சரக்குப் பட்டியலைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தார். 1901இல் வேலையை விட்டார். பத்திரிகை நடத்தினார். பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் உள்நாட்டுக்குப் போய் நேரில் பார்த்து எழுதிய அறிக்கை 1904இல் வெளிவந்தது, அதே வருடம் இரண்டு பேரும் சேர்ந்து காங்கோ சீர்திருத்தச் சங்கம் அமைத்தார்கள். 1908இல் லியோபோல்டிடமிருந்து நாடு கைமாறியது. கைமாறியது பெல்ஜிய அரசுக்கு, விடுதலை 1960இல்தான் வந்தது, ஆகவே எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையை வெட்டி ரப்பர் வாங்கிய அந்த ஆட்சி போனது. கணக்கைக் கேட்டுக் கேட்டுத்தான் போனது.

இன்றைக்கு யாரிடம் கேட்பது என்பதுதான் சிக்கல். 2019 டிசம்பரில் காங்கோ குடும்பங்களின் சார்பில் ஆப்பிள், கூகுள், டெல், மைக்ரோசாஃப்ட், டெஸ்லா மீது வாஷிங்டனில் வழக்குப் போட்டார்கள். சுரங்கம் சரிந்து இறந்த பிள்ளைகள், கால் போன பிள்ளைகள் விஷயம் அது. 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது, உலகச் சந்தையில் கோபால்ட் வாங்குவது மட்டுமே அந்தக் குற்றத்தில் பங்கெடுப்பது ஆகாது என்று. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அத்தனை பெரிய கம்பெனியே "நான் வெறுமனே வாங்குகிறவன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும்போது, பதினேழு வயதுப் பெண் "நான் வாங்குகிறேனே, எனக்குப் பங்கு இருக்கிறதே" என்று யோசிக்கிறாள் பாருங்கள்.

பழுதுகடை எழுதியது:

எல்லோரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள், நான் அந்தப் பின்மூடியைப் பற்றிப் பேசுகிறேன். மாடித்தோட்டம் சார், மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பேட்டரி உப்பியது. அந்தப் போனை இன்றிரவு சார்ஜ் போட்டுத் தலைமாட்டில் வைத்துத் தூங்க விடாதீர்கள். அழுத்தி மூடவும் முயற்சி செய்யாதீர்கள். இனிப்பும் காரமும் கலந்த மாதிரி, நகப்பூச்சு வாடை வந்தால் உடனே அணைத்துத் திறந்த வெளியில் வைத்துவிடுங்கள்.

பதினொரு வருடமாக போன் ரிப்பேர் செய்கிறேன். என் மேஜைக்கு வரும் போன்களில் பாதிக்கு பேட்டரி மட்டும்தான் போயிருக்கும், ஸ்கிரீன், போர்டு எல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் வருகிறவர்கள் "ஸ்லோவாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சூடு காட்டி, பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் நுழைத்து, பசையை மெல்ல மெல்லப் பிரித்து எடுக்க வேண்டும், இரும்பு எதுவும் படக்கூடாது, கிழிந்தால் தீப்பிடிக்கும். அரை மணி நேர வேலை. கம்பெனிகள் வருடா வருடம் பசையைக் கூட்டிக்கொண்டே போவதால்தான் இந்த அரை மணி நேரமே, இல்லையென்றால் முன்பு போல நகத்தால் மூடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் விதி வந்திருக்கிறது, 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் இருக்க வேண்டும், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்று. நம் ஊரில் இந்த மாதிரி விதி வேண்டும் என்று உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் கேட்க வேண்டும், அதைக் கேட்டால் நான் கூடவே வந்து நிற்பேன்.

பேட்டரி மாற்றினாலும் அதில் கோபால்ட் இருக்கத்தானே செய்யும் என்று அவள் கேட்பாள். இருக்கும். ஆனால் போன் முழுவதும் மறுபடி செய்யப்பட வேண்டியதில்லை, இன்னும் மூன்று வருடம் ஓடும். எடுத்த பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. நான் மணல் நிரப்பிய தகர டின்னில் போட்டுவைத்து, டின் நிறைந்ததும் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்கிறேன். அவர்கள் அதை அரைத்துக் கருப்புத் தூளாக்கி அனுப்புவார்கள், அந்தத் தூளிலிருந்து கோபால்ட்டைத் திரும்ப எடுக்கலாம். பேட்டரி செய்தவரே பழையதைத் திரும்பப் பெறப் பொறுப்பு என்று 2022இல் இந்தியாவில் விதியும் வந்திருக்கிறது. ஆனால் இந்தப் பதினொரு வருடத்தில் "என் பழைய பேட்டரி எங்கே போகிறது" என்று என்னிடம் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

மாடித்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாத்தூர் அக்கா, உங்கள் பதிலை மகளிடம் காட்டுவதா வேண்டாமா என்று தயங்கி, காட்டிவிட்டேன். இரண்டு முறை படித்தாள். அப்புறம் "அவங்க அக்கா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, நீங்கள் விரும்பினால் சொல்லுங்கள், இல்லையென்றால் பரவாயில்லை.

போனை அணைத்து மாடியில் செங்கல் மேல் வைத்திருக்கிறோம். என் ஸ்கூட்டர் கையேட்டைப் பார்த்தேன், என்.எம்.சி என்று போட்டிருக்கிறது. அதை அவளிடம் மறைக்கவில்லை. கடன் இன்னும் முப்பது மாதம் இருக்கிறது, வண்டியைப் பத்து வருடமாவது ஓட்டுவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அவள் முடிவு, புதுப் போன் வேண்டாம், அம்மாவின் போனுக்கே பேட்டரி மாற்றிக்கொள்கிறாள். அது தவிர, தான் வைத்திருக்கும் போனின் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறாள், கோபால்ட் எந்தச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வருகிறது, அந்த ஆலைக்குக் கல் எங்கிருந்து வருகிறது, கையால் தோண்டுகிறவர்களிடம் வாங்கினால் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று. நெல்லிமரம் தம்பி, உங்கள் வங்கதேசக் கதையைப் படித்துவிட்டுக் கடைசியில் அவளே ஒரு வரி சேர்த்தாள், அவர்களிடம் வாங்குவதை நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை, அந்த ஊரில் பள்ளிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறேன் என்று. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.

பழுதுகடை அண்ணே, உங்கள் கடை எங்கே இருக்கிறது? சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வரலாமா? அந்த மணல் டின்னைப் பார்க்க வேண்டுமாம்.

பழுதுகடை எழுதியது:

தாராளமாக வாருங்கள். முகவரி தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். வருவதற்கு முன் மாடல் எண்ணை மட்டும் சொல்லிவிடுங்கள், பேட்டரி வரவழைத்து வைக்கிறேன். போனைப் பையில் மற்ற சாமான்களோடு அடைக்காமல் தனியாகக் கொண்டுவாருங்கள்.

சாத்தூர்க்காரி எழுதியது:

அக்கா ஊரிலேயேதான் இருக்கிறாள் அண்ணா. இரண்டு பேத்திகள், பெரியவள் கோவில்பட்டியில் கல்லூரிக்குப் போகிறாள். உங்கள் பெண் விசாரித்ததாக இன்று சாயங்காலம் போனில் சொல்கிறேன்.